ரயில் டிரெயிலா, ஊர்ச்சாலையா? செட்டிநாட்டில் டென்ட்டோடு சைக்கிள் பயணம் வருகிறவர்களுக்கு

மார்கழி பிறந்ததும் வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பொங்கலுக்கு வருகிறோம், டென்ட்டையும் சைக்கிளையும் கொண்டுவருகிறோம், நாலைந்து நாள் சுற்ற வேண்டும். பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்குகிறார்களே, அந்த ரயில் டிரெயில் மாதிரி அங்கே ஏதாவது உண்டா? இல்லை என்றால் தண்டவாளத்தை ஒட்டிய மண்பாதையிலாவது போகலாமா? ரோட்டில் போகப் பயமாக இருக்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டில் ஊர்ச்சாலைதான். இருப்பதில் தேவலை என்பதற்காகச் சொல்லவில்லை. ரயில் டிரெயில் ஒன்று இங்கே இருந்தாலும், டென்ட் கட்டிக்கொண்டு போகிற பயணத்துக்கு நான் ஊர்ச்சாலையைத்தான் கைகாட்டுவேன்.

ரயில் டிரெயிலைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரயில் ஓடாமல் போன தடத்தில் தண்டவாளத்தையும் கட்டைகளையும் பெயர்த்துவிட்டு, அந்த மேட்டின்மேல் கல்தூளைப் போட்டு இறுக்கி, சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் எல்ராய்–ஸ்பார்ட்டா தடம் 1960களிலேயே இப்படி மாறியது. மிசூரியின் கேட்டி டிரெயில் சுமார் 386 கி.மீ. நீளம். நியூசிலாந்தின் ஒட்டாகோ சென்ட்ரல் 152 கி.மீ. என் தங்கை வீட்டுக்காரர் இருக்கும் பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாந்து வரை கிரேட் அலெகெனி பாசேஜ் என்று ஒன்று 240 கி.மீ. போகிறது. கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் வரை பழைய கால்வாய்க் கரைப் பாதை இன்னும் 297 கி.மீ. ஆக, காரையே பார்க்காமல் இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே 500 கி.மீ.க்கு மேல் மிதிக்கலாம்.

அங்கே அதன் அருமை சாதாரணமானதில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தடத்தில் செங்குத்தாக ஏறாது, வழுக்கும். அதனால் ரயில் பாதை போட்ட பொறியாளர்கள் 100 மீட்டருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு மீட்டர் என்ற கணக்கில்தான் ஏற்றினார்கள். மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தில் பாலம் கட்டினார்கள். அலெகெனி பாசேஜ் 729 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. ஆனாலும் சுமை கட்டிய சைக்கிள்காரருக்கு மூச்சு வாங்காது. அதே மலையில் கார் ரோடு நேராக ஏறி நேராக இறங்கும்; அதில் வண்டிகள் பறக்கும். ஏற்றம், வேகமான வண்டி என்ற இரண்டு கஷ்டத்துக்கும் ஒரே மருந்து ரயில் டிரெயில்.

இப்போது நம்ம பக்கம் வாருங்கள். நமக்கு ஏற்றம் எங்கே இருக்கிறது? காரைக்குடியிலிருந்து எந்தத் திசையில் மிதித்தாலும் செம்புறாங்கல் பூமி தட்டையாகத்தான் கிடக்கிறது. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் என்று பாறைக் குன்றுகள் உண்டு, ஆனால் சாலை அவற்றைச் சுற்றித்தான் போகிறது. கண்மாய்க் கரை மேல் ஏறி இறங்குவதுதான் இங்கே இருக்கிற பெரிய ஏற்றம். ரயில் டிரெயில் கொடுக்கிற முதல் வரத்தை இந்த மண் முன்பே கொடுத்துவிட்டது.

இரண்டாவது வரமான வண்டித் தொல்லை இல்லாத வழியும் இங்கே உண்டு, தேர்ந்தெடுத்துப் போனால். திருச்சி–ராமேஸ்வரம் நெடுஞ்சாலையைப் பார்த்துவிட்டு 'ரோடு பயம்' என்கிறவர்கள் அதிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே வந்து பார்க்க வேண்டும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000இல் தொடங்கியது. அதில் போடுகிற தார்ச்சாலையின் அகலம் 3.75 மீட்டர், போக்குவரத்து குறைவான இடத்தில் 3 மீட்டர்தான். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் யாரும் விரட்டிக்கொண்டு வர மாட்டார்கள். மைல்கல்லின் தலையைப் பார்த்தே சாலையை எடைபோடலாம்: மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. மஞ்சளைக் கண்டால் குறுக்கே கடந்து போங்கள், பச்சையில் கொஞ்ச தூரம் சமாளிக்கலாம், ஆரஞ்சு தெரிந்தால் நிம்மதியாக மிதிக்கலாம்.

தண்டவாளத்தை ஒட்டிப் போவது பற்றி மனதில் பட்டதை நேராகவே சொல்கிறேன்: வேண்டாம். வரைபடத்தில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். புதுக்கோட்டை, திருமயம், செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி, கல்லல் என்று நிலையம் நிலையமாகக் கோடு நேராகப் போகிறது. ஆனால் ரயில்வே நிலத்தில் அனுமதியில்லாமல் நுழைந்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது போகட்டும், உயிருக்கே ஆபத்து. இந்தத் தடம் மின்மயமாகிவிட்டது; டீசல் இன்ஜின் மாதிரி தூரத்திலிருந்தே உறுமிக்கொண்டு வராது. வாய்க்கால் பாலங்களில் ஒதுங்க இடம் கிடையாது. ஜல்லியில் சக்கரம் புதையும். மீதி இடம் முழுக்கச் சீமைக்கருவேலம். ரயில்வே கேட்டில் குறுக்கே கடப்பதோடு தண்டவாளத்துக்கும் சைக்கிளுக்கும் உள்ள சம்பந்தம் முடிந்துவிட வேண்டும்.

கைவிட்ட தடம் ஏதும் இங்கே இல்லையா என்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் லாரியும் காரும் வந்து கிளைப் பாதைகளை நஷ்டத்தில் தள்ளின, கம்பெனிகள் அவற்றைக் கைவிட்டன, அதனால்தான் டிரெயிலுக்கு இடம் கிடைத்தது. இங்கே நடந்தது வேறு. மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அதே மேட்டில் அகலப்பாதை போட்டார்கள். காரைக்குடி–பட்டுக்கோட்டை–திருவாரூர் தடம் பல வருடம் ரயில் இல்லாமல் கிடந்தது, 2018, 2019இல் மறுபடி திறந்தது. கண்டனூர் புதுவயல், அறந்தாங்கி பக்கத்து மக்கள் எவ்வளவு காத்திருந்தார்கள் என்று பார்த்தவன் நான். ரயில் வந்ததில்தான் எனக்கும் சந்தோஷம். மேடு சும்மா கிடக்கட்டும், நாம் சைக்கிள் விடலாம் என்று நினைக்க மனசு வராது. அக்கம்பக்கத்தில் நிஜமாகவே கைவிட்ட தடம் என்றால் 1964 டிசம்பர் புயல் தின்ற தனுஷ்கோடிப் பாதைதான். அதிலும் மிச்சம் இருப்பது மணலும் இடிபாடும்தான்.

சரி, தட்டை நிலமும் அமைதியும் இரண்டு பக்கமும் சமம் என்றே வைத்துக்கொள்வோம். டென்ட் என்று வரும்போதுதான் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது.

பகல் முழுக்க மிதிக்கிறவருக்கு வேண்டியது தண்ணீர், சாப்பாடு, ராத்திரி பயமில்லாமல் முதுகைச் சாய்க்க ஓர் இடம். நான் சொன்ன அந்தக் கால்வாய்க் கரைப் பாதையில் இதற்கெல்லாம் அரசே ஏற்பாடு செய்திருக்கிறது: சில மைலுக்கு ஒரு முகாம் இடம், ஒரு கைப்பம்பு, ஒரு கழிப்பறை, ஒரு மேஜை, காசும் கிடையாது. பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் எல்லா டிரெயிலும் அப்படியில்லை. கேட்டி டிரெயிலில் பாதை ஓரத்தில் டென்ட் போடக்கூடாது, பக்கத்து ஊருக்குள் போய் இடம் தேட வேண்டும். குளிர்காலத்தில் கால்வாய்க் கரையின் பம்புகளை நிறுத்திவிடுவார்கள். அலெகெனி பாசேஜின் பெரிய சுரங்கப்பாதையையே பூட்டிவிடுவார்கள்.

செட்டிநாட்டில் அதிகாரபூர்வமான முகாம் என்று எதுவும் கிடையாது. ஆனால் ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஓர் ஊர் இருக்கிறது. ஊர் என்றால் ஊரணி, கோயில், டீக்கடை, ஒரு பள்ளிக்கூடம், வெளியே ஒரு ஐயனார் திடல். ரயில் பாதை ஊரை ஒதுங்கிப் போகும். ஊர்ச்சாலை ஊருக்குள்ளே கொண்டுபோய் விடும். காடாகக் கிடக்கிற தேசத்தில் டிரெயில் ஓரம் தனியாகப் படுப்பது சுகமாக இருக்கலாம். நம்ம பக்கம் ஆளில்லாத இடத்தில் டென்ட் போட்டால் ராத்திரி டார்ச் அடித்து நாலு பேர் வருவார்கள், 'யார் நீங்க' என்று கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான். ஊருக்குள் கேட்டுவிட்டுப் படுத்தால் அதே நாலு பேர் காவல்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஊருக்குள் போய்விடுங்கள். நேரே டீக்கடை. சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினாலே கூட்டம் கூடும், "எங்க இருந்து தம்பி?" என்று பேச்சு வரும். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்பதைச் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். அப்புறம், "அண்ணே, ராத்திரி மட்டும் தங்கணும். டென்ட் இருக்கு. எங்கே போட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருக்கும்?" என்று கேளுங்கள். தங்கலாமா என்று கேட்டால் யாரிடம் அனுமதி கேட்பது என்று அவர்களுக்கே குழப்பம் வரும். எங்கே தங்கலாம் என்று கேட்டால் ஆளாளுக்கு இடம் சொல்வார்கள். கோயில் மண்டபம், பள்ளிக்கூட மைதானம், பம்ப்செட் ஓரம், நெற்களம். தலைவருக்கோ பூசாரிக்கோ அவர்களே போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள்.

ராயவரம் பக்கம் ஒரு தெருவில் இப்படித்தான் பெரிய வீட்டின் முன்னால் டென்ட்டுக்கு இடம் கொடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் சென்னையில். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி, நாங்கள் கம்பி அடிக்கிறதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, வெளிய எதுக்குப் படுக்குறீக? பனி கொட்டும். முகப்புல படுங்க" என்று விளக்குமாற்றை எடுத்துவந்து பெருக்க ஆரம்பித்துவிட்டார். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, மேலே பர்மா தேக்கு. டென்ட்டைப் பைக்குள் சுருட்டிவிட்டு அங்கேதான் படுத்தோம்.

இதை அதிர்ஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. நடந்து வருகிறவருக்கு இடம் கொடுத்துப் பழகிய பூமி இது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குத் தலைமுறை தலைமுறையாக நடந்தே போகிறது. வழியெல்லாம் சத்திரம், தண்ணீர்ப் பந்தல், அன்னதானம். வழிப்போக்கனுக்கு என்ன வேண்டும் என்று இந்த ஊர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சைக்கிளில் வருகிறவரையும் அவர்கள் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். எந்த டிரெயிலிலும் இதைக் கட்டித்தர முடியாது. ஊர்ச்சாலை பக்கம் நான் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

வருகிறவர்களும் சில விஷயங்களை மதிக்க வேண்டும். பல ஊர்களில் குடிக்கிற ஊரணி தனி. அதில் கால் நனைக்கக் கூடாது, செருப்போடு படியில் இறங்கக் கூடாது, சோப்பு பக்கமே போகக் கூடாது. குடத்தில் மொண்டு தள்ளிப் போய்க் கைகால் கழுவுங்கள். கோயில்காட்டில் சுள்ளி ஒடிக்காதீர்கள், அடுப்பு மூட்டாதீர்கள். சில ஐயனார் கோயில்களில் பெண்கள் போகக்கூடாத எல்லை என்று வைத்திருப்பார்கள். நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, கேட்டுக்கொண்டு இடத்தைத் தேர்வு செய்வது நல்லது. கண்மாயின் உட்பக்கம் காய்ந்திருந்தாலும் அங்கே டென்ட் வேண்டாம்.

ஊர்ச்சாலைக்குக் குறைகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய குறை முள். சீமைக்கருவேல முள் ஏறினால் டயர் உடனே உட்காராது. முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும், காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், ஒரு மணி நேரம் கழித்துத்தான் சக்கரம் தொளதொளக்கும். ட்யூபை மாற்றிவிட்டுக் கிளம்பினால் அடுத்த ஊருக்குள் மறுபடியும் பஞ்சர். காரணம், முள் டயருக்குள் ஒடிந்து கிடக்கிறது; வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி, அதுவும் தெரியாது. டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஒரு சுற்று ஓட்டினால் நெருடும். அந்த இடத்தை இரண்டு பக்கமும் மடக்கிப் பிடித்து, ஊசியால் உள்ளிருந்து வெளியே தள்ளி எடுத்துவிட்டு அப்புறம்தான் புது ட்யூபைப் போட வேண்டும். சாலை ஓரத்து மண்ணில் வண்டியை இறக்காமல் இருந்தாலே பாதி முள் தப்பும்.

ஊருக்கு ஊர் சைக்கிள் கடை இன்னும் இருக்கிறது, ஒட்டுப் போடுவதில் கில்லாடிகள். ஆனால் அவர்களிடம் இருப்பது 28 இன்ச் பழைய வண்டிக்கான ட்யூப், வால்டியூப் போட்ட வால்வ். வெளிநாட்டு 700 சைஸ் சக்கரத்துக்கு அது பொருந்தாது, மெல்லிய வால்வுக்கு அவர்கள் பம்பும் சேராது. ட்யூப் மூன்று, சொந்தப் பம்பு, வால்வ் அடாப்டர் ஆகியவற்றைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

அடுத்தது நாய். ஊர் எல்லையில் விரட்டும். வேகமாக மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் அடங்கிவிடும். கல்குவாரி உள்ள பக்கம் டிப்பர் லாரி கிராமச் சாலையிலும் வரும். சாலையோரம் வெள்ளைத் தூசி படிந்திருந்தால் வேறு வழி கேட்டுக்கொள்ளுங்கள். மினிபஸ் வந்தால் இறங்கி நின்று வழி விடுங்கள், அவருக்கு நேரம் முக்கியம். தை மாசி அறுவடையில் சாலையிலேயே நெல் காயும். அதன் மேல் சக்கரத்தை ஏற்றாதீர்கள். இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது, இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

பாம்பு விஷயத்தை லேசாக விட முடியாது. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரின் பாய் வரை வந்துவிடும், கடித்தால் வலிகூடப் பெரிதாகத் தெரியாது. அதனால் அடித்துணியோடு தைத்த, ஜிப் முழுக்க மூடுகிற டென்ட்தான் வேண்டும். மேல்கூரை மட்டும் உள்ளது ஆகாது. முகப்பில் படுத்தாலும் கொசுவலை உள்டென்ட்டை விரித்துப் படுங்கள். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். சந்தேகம் வந்தால் 108, நேரே அரசு மருத்துவமனை. மந்திரிக்கப் போய் நேரத்தை விடாதீர்கள்.

காலம் பற்றி ஒரே வார்த்தை: தை, மாசி. ஐப்பசி கார்த்திகையில் மழை, பங்குனிக்குப் பிறகு வெயில் தாங்காது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிற மாதங்கள் என்பதால் வடக்கு, கிழக்கு நோக்கிய மிதியைக் காலையில் வைத்துக்கொண்டால் தெம்பு மிஞ்சும்.

வழி என்று கேட்டால் நான் சொல்வது இது. காரைக்குடியில் கிளம்பி குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி வழியாகத் திருப்பத்தூர். அங்கிருந்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். தையில் போனால் கண்மாய் மரமெல்லாம் நாரையும் கொக்கும். அடுத்த நாள் நெற்குப்பை, பொன்னமராவதி. மூன்றாம் நாள் கிழக்கே திரும்பித் திருமயம் கோட்டை, அங்கே குன்றைக் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து. பிறகு கடியாபட்டி, ராயவரம், கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று இறங்கி காரைக்குடி. திருமயத்துப் பக்கம் நெடுஞ்சாலையைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கொஞ்ச தூரத்தை விடிந்ததும் முடித்துவிடுங்கள். தை 3 அன்று சிராவயலில் மஞ்சுவிரட்டு. பார்க்கப் போகிறவர்கள் போகட்டும், சைக்கிளோடு அன்றைக்குத் திருப்பத்தூர் ரோட்டில் மாட்டிக்கொள்ள வேண்டாம். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் அதே பக்கம் பாதயாத்திரைக் கூட்டம் ராத்திரியிலும் நடக்கும், சாப்பாட்டுக்குக் கவலையே இருக்காது, ஓட்டுவது மட்டும் மெதுவாக.

ஒரு சாரார் மட்டும் ரயில் டிரெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்வேன். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தனிச் சைக்கிளில் வருகிறார்கள் என்றால், பல நாள் பயணத்தை அங்கேயே அலெகெனி பாசேஜில் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வளைந்து வளைந்து ஓட்டும், அதற்கு வண்டி வராத பாதை வேண்டும். ஆள் பழக்கமே பிடிக்காது, யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் போதும் என்கிறவருக்கும் செட்டிநாடு சரிப்படாது. இங்கே டீக்கடையில் ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் தாத்தா பெயர் வரை கேட்டுவிடுவார்கள். பிள்ளைகளோடு ஊருக்கு வந்தே ஆக வேண்டும் என்றால் டென்ட்டை விட்டுவிடுங்கள். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் தங்கிக்கொண்டு, காலை ஏழு மணிக்குக் கிளம்பி பள்ளத்தூர் வரை போய், வெள்ளைப் பணியாரம் வாங்கித் தின்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். அந்த ஊர்களின் உள்தெருக்கள் அகலம், நேர்கோடு, பகலில்கூட வண்டி அரிது. பிள்ளைகள் ஓட்டிப் பழக அதுவே போதும்.